பீரோவில் பூட்டிய கேமரா

என் கேமராவைக் கொன்றது மீன் குழம்பு. சிங்கப்பூரில் இதைச் சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. மழையில் நனைந்தது, கடலில் விழுந்தது என்றால் உச்சுக் கொட்டுகிறார்கள். குழம்பு என்றால் சிரிக்கிறார்கள். ஆனால் நடந்தது அதுதான்.

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கடற்கரைச் சாலைப் பேருந்து. தலைக்கு மேலே கம்பித் தட்டில் என் கேமராப் பை. மகாபலிபுரத்தில் ஏறிய ஓர் அம்மாள் அதன் பக்கத்தில் ஒரு தூக்குச் சட்டியை வைத்துவிட்டு என் அருகில் உட்கார்ந்தார். மரக்காணம் தாண்டி ஒரு வேகத்தடை வந்தது. ஓட்டுநர் அதைக் கண்டுகொள்ளவில்லை. என் தோளில் ஏதோ சொட்டியது. தொட்டுப் பார்த்தேன், சிவப்பு. ரத்தம் என்று கத்தினேன். அம்மாள் என் விரலைப் பிடித்து மோந்து பார்த்தார்.

"பயப்படாதம்மா, கொழம்புதான்" என்றார். உடனே அவருக்கே தூக்கிவாரிப் போட்டது. "ஐயோ, எம் பொண்ணு மசக்கையா இருக்கறா, அவளுக்கு எடுத்துட்டுப் போறேன்!" தூக்கை இறக்கித் திறந்து பார்த்தார். பாதி மிச்சம் இருந்தது. அவர் நிம்மதியாகிவிட்டார். மற்றப் பாதி என் பைக்குள் இருந்தது.

சிங்கப்பூர்ப் பேருந்தில் தண்ணீர் குடித்தாலே ஓட்டுநர் கண்ணாடி வழியாக முறைப்பார். அந்த ஊரில் எனக்குச் சலிப்பு தட்டியிருந்த அந்தச் சட்டதிட்டத்தின் மேல் அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் காதல் வந்தது.

நான் பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேசையில் உட்காருகிறவள். சனி, ஞாயிறுகளில் கல்யாணப் புகைப்படக்காரி. இருபது வருடப் பழக்கம். எங்கள் பேட்டையில் ஒரு புகைப்படக் கழகம் உண்டு. அதில் போனில் படம் எடுத்துக்கொண்டு வருகிறவர்களை "வாங்க, டெலிபோன் இலாகா" என்று வரவேற்பதே நான்தான். அப்படிப்பட்டவள் புதுச்சேரிக்குப் போனது ஒரு கல்யாணத்தைப் படமெடுக்க. மணப்பெண் ரிஸ்வானா. அவள் அம்மா ஜரீனா பத்து வருடம் எங்கள் அடுக்குமாடிப் புளோக்கில், எங்கள் மாடியில், பக்கத்து வீட்டில் இருந்தவள். அவள் கணவர் கப்பல் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு, பிறகு குடும்பத்துப் பாத்திரக் கடையைப் பார்த்துக்கொள்ள ஊர் திரும்பியவர்.

"பொம்பளைங்க பக்கம் எடுக்க பொம்பளதான் வேணும், வசந்தி. இங்க ஒரு பொண்ணு எடுக்கும். அதுக்கே அன்னிக்குத்தான் கல்யாணமாம். நீ வந்துடு" என்று ஜரீனா போனில் சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

புதுச்சேரியில் இறங்கியதும் முதல் வேலையாக நேரு வீதிப் பக்கம் ஒரு கேமரா பழுது பார்ப்பவரைத் தேடிப் பிடித்தேன். அவர் கேமராவைக் கையில் வாங்கி, லென்ஸைக் கழற்றி, கண்ணை மூடி மூச்சை இழுத்தார்.

"மேடம், என்னா மீனு?"

"தெரியாதுங்க. என் குழம்பு இல்லை."

"சங்கரா மாதிரி இருக்கு." ஒரு குச்சியில் பஞ்சைச் சுற்றி உள்ளே விட்டு எடுத்துக் காட்டினார். "தண்ணி போயிருந்தா காய வச்சிடலாம். இது புளி. உள்ள அரிச்சிட்டுப் போயிடும். பத்து நாள் குடுங்க, பாக்கறேன்."

கல்யாணம் நான்காம் நாள். வாடகைக்கு ஒன்று கிடைக்குமா என்றேன். முகூர்த்த சீசன், ஊரில் ஒரு கேமரா சும்மா இல்லை என்றார். என் கையில் இருந்த போனைப் பார்த்தார். "நல்ல போனாத்தான இருக்கு. இதுலயே எடுங்க. எம் பொண்ணு காதுகுத்தே போன்லதான் எடுத்தேன்." கேமரா பழுது பார்க்கிற மனிதர் தன் மகள் காதுகுத்தைப் போனில் எடுக்கிறார். கழகத்தில் இதைச் சொன்னால் மூன்று பேர் ராஜினாமா செய்வார்கள்.

முல்லா வீதியில் ஜரீனா வீட்டு வாசலில் என்னைக் கட்டிப்பிடித்தவள், மோந்து பார்த்துவிட்டு, "என்னாடி, வழியிலயே சாப்புட்டு வந்துட்டியா?" என்றாள். கதையைச் சொன்னேன். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டவள், கடைசியில்தான் சிரிப்பை நிறுத்தினாள். "அப்ப கல்யாணத்த போன்லயா எடுக்கப் போற?"

பின்னால் நின்ற ஒரு பெரிய அம்மாளும் அதைக் கேட்டுவிட்டார். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு அக்கா. முப்பது வருடம் பாரீஸில் இருப்பவர், எல்லோருக்கும் பாரீஸ் மாமி. கல்யாணத்துக்காக வந்து இறங்கியிருந்தார். அவர் உடனே தன் போனில் மகளைக் கூப்பிட்டு பிரெஞ்சில் படபடவென்று ஏதோ பேசினார். ரிஸ்வானா என் காதில் மொழிபெயர்த்தாள். "'போட்டோகிராஃபர் போன்ல எடுக்கறாளாம். நம்ம கதை முடிஞ்சிது'ன்னு சொல்றாங்க, ஆன்ட்டி."

இரண்டாம் நாள் விடிந்ததும் போனை எடுத்துக்கொண்டு பயிற்சிக்குக் கிளம்பிவிட்டேன். பரீட்சைக்கு முதல் நாள் புத்தகத்தைத் திறக்கிற மாணவி கதைதான். வைத்திக்குப்பத்தில் படகுகள் கரையேறிக்கொண்டிருந்தன. சின்ன லென்ஸ் என்று இவ்வளவு நாள் கேலி பேசிய அந்தப் பொட்டுக் கண்ணாடியைச் சேலை முந்தானையால் துடைத்தேன். அதன் பிறகு எடுத்த முதல் படத்தைப் பார்த்து நானே வாயைப் பிளந்தேன். படகின் நிழல் பக்கமும் தெரிகிறது, வானமும் வெளுக்கவில்லை. என் பெரிய கேமராவில் இதற்கு நான் மூன்று படம் எடுத்து, வீட்டுக்கு வந்து கணினியில் ஒட்ட வேண்டும். இது கண்சிமிட்டுகிற நேரத்தில் தானே ஒட்டிக் கொடுக்கிறது.

ஆனால் இந்தப் போன் ரொம்ப மரியாதைக்காரப் பிராணி. எதைக் கண்டாலும் அழகாக்கிவிடுகிறது. மீன் விற்கிற ஓர் அம்மாவின் கூடையை எடுத்துக் காட்டினேன். அவர் போனை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

"ஏம்மா, என் மீனா இது? கண்ணு இப்டி மின்னுது!"

"போன் அப்படி எடுக்குதும்மா."

"அப்ப இந்தப் போன என்கிட்ட குட்த்துட்டுப் போ. நேத்து மீனயும் சேத்து வித்துடுவேன்."

சுற்றி இருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். எனக்கு அங்கேயே பாதிப் பாடம் கிடைத்துவிட்டது. திரையில் விரலை அழுத்திப் பிடித்து, வெளிச்சத்தை நானே கீழே இறக்கக் கற்றுக்கொண்டேன். போன் சொல்கிற வெளிச்சத்தை அப்படியே வாங்கக் கூடாது. கிட்டே வேண்டுமென்றால் திரையை இழுக்காமல் நானே இரண்டடி முன்னால் நடக்க வேண்டும். இந்த இரண்டு விஷயம் தெரிந்ததும் எனக்கு இறக்கை முளைத்துவிட்டது. கிடைத்ததை எல்லாம் எடுத்தேன். வலையை எடுத்தேன், நண்டை எடுத்தேன், பேக்கரி வாசலில் அடுக்கிய நீள ரொட்டியை எடுத்தேன். அந்த ரொட்டியை எங்கள் ஊரிலும் விற்கிறார்கள், கண்ணாடிப் பெட்டியில், இடுக்கி வைத்து எடுப்பார்கள். இங்கே சைக்கிளில் போகிறவர் கக்கத்தில் வைத்துக்கொண்டு போகிறார். நான் கால் ரொட்டியை நடந்துகொண்டே தின்றேன்.

படம் எடுத்துக்கொண்டே ஒரு டெம்போவில் ஏறியதுதான் தப்பு. ஆட்டோவைவிடப் பெரிய, பத்துப் பேர் முட்டியோடு முட்டி இடித்து உட்காருகிற வண்டி. ஜன்னல் வெளிச்சத்தில் எதிரே இருந்த பேட்டரி விளக்கை, பூக்கூடையை, ஒருவரின் தூக்கத்தை எடுத்துக்கொண்டே வந்ததில் இறங்க வேண்டிய இடம் போய்விட்டது. கடைசியில் நடத்துநர், "தவளக்குப்பம் வந்துட்சி, எறங்குங்க. கடலூர் போறதா இருந்தா வேற வண்டி" என்றார். எங்கள் ஊரில் ரயிலில் அடுத்த நிறுத்தத்தின் பெயரை ஒலிபெருக்கியில் சொல்லுவார்கள். இங்கே இறங்கவேண்டிய ஆளே சொல்ல வேண்டும்.

தவளக்குப்பம் சந்திப்பில் இறங்கியதும் நல்லதாகப் போயிற்று. கடைகளுக்கு மேலே நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். அதன் கீழே எடுத்த முகமெல்லாம் நீலம். கத்தரிக்காய் விற்கிறவரும் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தார். அங்கேயே ஒரு டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து, போனிலிருந்த எடிட்டிங் செயலியைத் திறந்து, நீலத்தைக் குறைத்து மஞ்சளைக் கொஞ்சமாக ஏற்றி, அவரை மனித நிறத்துக்குக் கொண்டுவந்தேன். இரண்டு டீ ஆயிற்று. கல்யாண வீட்டு மொட்டை மாடியில் சிவப்பும் பச்சையுமாகப் பந்தல் துணி கட்டியிருப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்து, மூன்றாவது டீயும் சொன்னேன்.

மூன்றாம் நாள் மருதாணி. மதியத்திலிருந்தே மாடியில் பெண்கள் கூட்டம். பந்தல் துணி வழியாக வெயில் இறங்கி, பாதிப் பேர் சிவப்பு, பாதிப் பேர் பச்சை. எடுத்து எடுத்துத் திருத்திக்கொண்டிருந்தேன். பின்புலத்தை மங்கலாக்குகிற வசதி ஒன்று போனில் இருக்கிறதே, அதை நம்பி ஒரு படம் எடுத்தேன். ரிஸ்வானாவின் ஜிமிக்கியில் பாதியையும் மல்லிகைப் பூவில் கால் பங்கையும் அது பின்புலம் என்று நினைத்து அழித்துவிட்டது. பக்கத்திலிருந்த பெண்கள் "பூ எங்க போச்சி?" என்று தேடினார்கள். அந்த வசதிக்கு அன்றோடு கும்பிடு போட்டேன்.

ரிஸ்வானா மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கிற வேலையில் இருக்கிறாள். நாள் முழுக்கப் பொருட்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, குறை கண்டுபிடித்து ஒதுக்குகிற உத்தியோகம். மருதாணி காய்கிறவரை அவளுக்கு வேறு வேலை இல்லை. என் படங்களை ஒவ்வொன்றாக அவள் முகத்துக்கு எதிரே பிடித்தேன். "ரிஜெக்ட்... ரிஜெக்ட்... ஆன்ட்டி, இதுல என் மூக்கு யாருது?... பாஸ்... ரிஜெக்ட்." ஓர் உறவுக்காரப் பெண் எட்டிப் பார்த்து, "முகத்த கொஞ்சம் வெள்ளையாக்கிடலாமே, அதுலயே இருக்குமே" என்றாள். ரிஸ்வானா திரும்பாமலே சொன்னாள்: "எங்கூட நாப்பது வருசம் இருக்கப் போறவரு நேர்ல என்ன பாக்கத்தான போறாரு? என் கலர் என் கலராவே இருக்கட்டும்." எனக்கு அவளை எடுத்துக் கொஞ்ச வேண்டும்போல் இருந்தது. அவள் கையில் மருதாணி இருந்ததால் விட்டுவிட்டேன்.

அன்று சாயங்காலம் ஜரீனா என்னைத் தனியே கூப்பிட்டாள். அந்தத் தெருவில் ஒரு வழக்கம் இருக்கிறதாம். பெண்கள் பக்கத்துப் படம் வெளியே போகக் கூடாது. அதனால் படம் எடுக்க வந்த பெண், சாப்பாட்டுக்கு உட்காருவதற்கு முன்னால் கேமராவிலிருந்து கார்டைக் கழற்றிப் பெண்ணின் தாயார் கையில் கொடுத்துவிட வேண்டும். கார்டு கைக்கு வந்த பிறகுதான் தட்டு வரும். "இதுல கார்டு எங்க இருக்குது?" என்று என் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல கார்டே கிடையாது ஜரீனா. எல்லாம் உள்ளயே இருக்கும்."

ஜரீனா போனைக் கையிலேயே வைத்துக்கொண்டாள். "அப்ப போனையே குடுத்துடு. நகை பீரோவுல வச்சிப் பூட்டிடறேன். சாப்புட்டு முடிச்சி, ரிஸ்வானா தன் லேப்டாப்புல ஏத்திக்கட்டும். அப்பறம் உன் போன்ல இருக்கறத அழிச்சிடு. உங்கையத் தாண்டி ஒரு படம் போவக் கூடாது, சரியா? மாப்ள வீட்டுக்கு வார்த்த குடுத்திருக்கறேன்."

"தாண்டாது" என்றேன். பத்து வருடப் பழக்கம். சத்தியம் எல்லாம் அவள் கேட்கவில்லை.

நான்காம் நாள், நிக்காஹ். காலையில் செயலி ஏதோ புதுப்பிக்கச் சொல்லி அடம்பிடித்தது. ரிஸ்வானாவே வீட்டு வைஃபை கடவுச்சொல்லை என் போனில் போட்டுக் கொடுத்தாள். புதுப்பித்து முடித்ததும் அதை நான் மறந்துவிட்டேன். மறக்காமல் எப்படி இருக்க முடியும்? ஒரு பக்கம் இடியாப்பமும் பாயாவும் கூப்பிடுகிறது, ஒரு பக்கம் பாரீஸ் மாமி "வெளிச்சம் இந்தப் பக்கம், இந்தப் பக்கம்" என்று என் தோளைப் பிடித்துத் திருப்புகிறார், இன்னொரு பக்கம் கண்ணுக்கு எதிரே அப்படிப்பட்ட முகங்கள். கேமரா என்றால் பெண்கள் விறைத்துக்கொள்வார்கள். போன் என்றால் விறைப்பதில்லை. நான் அவர்களில் ஒருத்தியாகக் கீழே சப்பணம் போட்டு உட்கார்ந்து எடுத்தேன். எடுக்கிறேன் என்பதையே பாதிப் பேர் மறந்துவிட்டார்கள்.

ஆண்கள் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார்கள். பதினொன்றேகால் மணிக்கு அங்கே நிக்காஹ் முடிந்ததாகச் செய்தி வந்தது. அப்போது ஒரு படம் எடுத்தேன். ஒரே ஒரு தடவை தொட்டேன். திரையில் வந்ததைப் பார்த்தேன். இருபது வருடத்தில் நான் எடுத்ததிலேயே அதுதான் மேலான படம். எனக்கு ஒரு நொடிகூடச் சந்தேகம் இல்லை. எழுந்து ஆட வேண்டும்போல் இருந்தது. அதற்குள் பிரியாணி வாசனை மாடிப்படி ஏறி வந்துவிட்டது.

முறைப்படி போனை ஜரீனாவிடம் கொடுத்தேன். அவள் பீரோவில் நகைப்பெட்டிக்குப் பக்கத்தில் அதை வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, தன் போனை ரிஸ்வானா மடியில் போட்டுவிட்டு, சீர்த் தட்டுகளோடு மாப்பிள்ளை வீட்டுக்குப் போனாள். எனக்குத் தட்டு வந்தது. பிரியாணி, தாள்சா, ஓரத்தில் பிரட் அல்வா. சிங்கப்பூரில் நல்ல பிரியாணிக்கு நாற்பது நிமிடம் வரிசையில் நிற்பேன். இங்கே ஒருவர் போட்டுக்கொண்டே இருக்கிறார், நான் வேண்டாம் என்று சொல்கிற மாதிரி கையை அசைத்துக்கொண்டே வாங்கிக்கொள்கிறேன். என்னைவிடச் சந்தோஷமான பெண்மணி அப்போது அந்தக் கடற்கரை நெடுகத் தேடினாலும் கிடைத்திருக்க மாட்டாள்.

நாலு கவளம் உள்ளே போயிருக்கும். ரிஸ்வானா மடியில் இருந்த போன் அடித்தது. "ஆன்ட்டி, முரளி அங்கிள். உங்ககிட்ட பேசணுமாம்."

முரளி என் வீட்டுக்காரர். போனை இடது கையில் வாங்கினேன்.

"உன் போன் என்ன ஆச்சு? எத்தனை தடவை அடிக்கிறேன்" என்றார். "நாலு நாளா ஒரு படம்கூட வரலையேன்னு பார்த்தா, இப்ப மழை மாதிரி வந்துக்கிட்டு இருக்கு. மீனு, நண்டு, கத்தரிக்காய்காரரு எல்லாம் முடிஞ்சு கல்யாணத்துக்கு வந்துட்டேன். பொண்ணு..."

கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே போட்டேன். எங்கள் வீட்டில் ஒரு குடும்ப ஆல்பம் உண்டு. என் போனில் எது எடுத்தாலும், வைஃபை கிடைத்ததும், தானாகவே அதில் போய்ச் சேர்ந்துவிடும். பயணம் போனால் வீட்டில் இருப்பவர்கள் பார்க்கட்டும் என்று நானே செய்துவைத்த ஏற்பாடு. அதில் என் வீட்டுக்காரரும் அவர் தம்பியும் இருக்கிறார்கள். நான் தங்கியிருந்த விடுதியில் வைஃபை பெயருக்குத்தான் இருந்தது. இந்த வீட்டு வைஃபை அருமையாக வேலை செய்தது. நகைக்குப் பக்கத்தில், இரும்புக் கதவுக்கு உள்ளே, பூட்டுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, அந்த வீட்டுப் பெண்களின் முகங்களை ஒவ்வொன்றாகக் கடல் தாண்டி அனுப்பிக்கொண்டிருந்தது என் போன்.

"பார்க்காதீங்க!" என்று கத்தினேன். "கண்ணை மூடுங்க! போனைக் கீழ வைங்க!"

பந்தி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சாவி ஜரீனா இடுப்பில், ஜரீனா இரண்டு தெரு தாண்டி. பீரோவை உடைக்க முடியாது. சுற்றிலும் பார்த்தேன். கூடத்தில் குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே வைஃபை பெட்டி பச்சை விளக்கை மினுக்கிக்கொண்டு இருந்தது. பிரியாணிக் கையோடு ஓடிப்போய் ஒயரைப் பிடித்துப் பிடுங்கிவிட்டேன்.

மறு நொடி ஜன்னலோரத்திலிருந்து ஓர் அலறல். பாரீஸ் மாமி தெருவில் இறக்கிய பிரியாணி அண்டாக்களைப் பாரீஸில் இருக்கிற மகளுக்கு வீடியோவில் காட்டிக்கொண்டிருந்திருக்கிறார். "மோன் தியே! கூப்பே ஆயிடுச்சி! அண்டாவத் தெறக்கற நேரம் பாத்து லைன் கட் ஆயிடுச்சி!"

"கரண்டு போயிடுச்சுங்க" என்றேன். தலைக்கு மேலே மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. மாமி விசிறியைப் பார்த்தார். என் கையில் இருந்த ஒயரைப் பார்த்தார். அதில் ஒட்டியிருந்த சோற்றையும் பார்த்தார்.

கை கழுவப் போனேன். குழாயைத் திறந்துவிட்டுச் சும்மா நின்றேன். மாமிக்குக் காரணம் தெரியாது. வேறு யாருக்கும் தெரியாது. முரளியிடம் அழிக்கச் சொல்லிவிட்டால் முடிந்தது. ஜரீனா கதவைத் திறப்பாள், போனை எடுப்பாள், உலகம் அப்படியே சுற்றும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஆனால் அவள் என்னிடம் சத்தியம்கூடக் கேட்கவில்லை. குழாயை மூடினேன். போய் ரிஸ்வானா பக்கத்தில் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

கல்யாணப் பெண் அழுவாள் என்று நினைத்தேன். அவள் தொழிற்சாலைக் குரலில் கேட்டாள். "எத்தன படம் போயிருக்கும்?"

"தெரியலம்மா."

"எத்தன பேரு பாக்க முடியும்?"

"ரெண்டு பேர்."

"அம்மா வரட்டும். நீங்க எதுவும் தொடாதீங்க."

ஜரீனா வந்தாள். அவளிடமும் நானே சொன்னேன். அவள் முகத்திலிருந்த கல்யாணக் களை ஒரு நிமிடத்தில் இறங்கிவிட்டது. "உன்ன நம்பித்தானடி பூட்டி வச்சேன்" என்றாள். பூட்டி வைத்ததில்தான் வினை என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். நான் அழுதேன். அவளும் அழுதாள். பீரோவைத் திறந்தாள். போன் சூடாக இருந்தது.

ரிஸ்வானா தன் லேப்டாப்பைக் கட்டிலில் வைத்து, படங்களை ஒயர் வழியாக முதலில் அதில் ஏற்றினாள். பிறகு வைஃபையை மாட்டச் சொல்லி, மருதாணிச் சிவப்பு விரலால் அந்த ஆல்பத்தைத் திறந்தாள். பெண்கள் பக்கத்துப் படங்களில் கடைசிச் சிலதுதான் போகாமல் நின்றிருந்தன. பதினொன்றேகால் மணிப் படம் போயிருந்தது. அடுத்து அவள் என் போனிலேயே முரளியைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தாள்.

"அங்கிள், ரிஸ்வானா பேசறேன். ஒங்க தம்பி பாத்தாரா?"

"இல்லம்மா. அவன் துறைமுகத்துல வேலையில இருக்கான். போனெல்லாம் லாக்கர்ல. ஆறு மணிக்குத்தான் எடுப்பான்."

"நீங்க?"

"பார்த்தேம்மா. ஆன்ட்டி கத்துற வரைக்கும் பார்த்தேன். எனக்குத் தெரியாது. மன்னிச்சுக்கம்மா."

ரிஸ்வானா அம்மாவைப் பார்த்தாள். ஜரீனா போனை வாங்கிக்கொண்டாள். "அண்ணே, நான் ஜரீனா. நீங்க தப்பு பண்ணல. ஆனா பாத்தது ஒங்களோட போவட்டும். ஒருத்தர்கிட்டயும் பேசக் கூடாது. பாக்கவே இல்லன்னு வச்சிக்கணும். செய்வீங்களா?"

"செய்யறேன் ஜரீனா. யார் கேட்டாலும் நான் பார்க்கல."

ரிஸ்வானா ஆல்பத்தில் ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே வந்தாள். மீன்களும் நண்டும் பிழைத்தன. பிறகு என் போன், பிறகு அதன் குப்பைக் கூடை. போனில் அந்தப் பதினொன்றேகால் மணிப் படம் வந்தபோது அவள் விரல் நின்றது. கட்டிலருகே நின்றிருந்த பாரீஸ் மாமி குனிந்து பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "இது போன்ல எடுத்ததா?" என்றார், மெதுவாக.

"ஆன்ட்டி" என்றாள் ரிஸ்வானா, "இத மட்டும் நீங்க வச்சிக்கறீங்களா?" ஜரீனா என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேண்டாம் என்று சொல்ல எனக்குப் பத்து விநாடி ஆனது. அந்தப் பத்து விநாடியில் அதைப் பெரிதாக அச்சிட்டு, கறுப்புச் சட்டம் போட்டு, கழகத்துச் சுவரில் மாட்டி, டெலிபோன் இலாகா என்று நான் கேலி செய்த அத்தனை பேரையும் வரிசையில் நிற்கவைத்துப் பாராட்டு வாங்கிக்கொண்டேன். பிறகு ஆணியைப் பிடுங்கி, சட்டத்தை இறக்கி, நானே விரலை வைத்து அழித்தேன்.

ஜரீனா எழுந்து வெளியே போனாள். என்னிடம் இனிமேல் பேசமாட்டாள் என்றுதான் நினைத்தேன். புதுத் தட்டில் சூடாகப் பிரியாணியோடு வந்தாள். "இப்பத்தான் கார்டு கைக்கு வந்திச்சி" என்றாள். "சாப்புடு." கோபம் தீரவில்லை, எலும்பாகப் பொறுக்கிப் போட்டிருந்தாள். நான் அழுகையும் தாள்சாவுமாகச் சாப்பிட்டேன். பாரீஸ் மாமி எனக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

ஐந்தாம் நாள் ஊருக்குக் கிளம்பினேன். பேருந்தில் மடிமேல் கைப்பையை வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் ஓர் அம்மாள் ஒரு டிபன் பாக்ஸோடு வந்து உட்கார்ந்தார். நான் இடம் மாறிக்கொண்டேன்.

வந்து ஆறு வாரம் ஆகிறது. அந்தப் படத்தில் என்ன இருந்தது என்று இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அதுவும் காட்டியதுபோலத்தான். ஆனால் எனக்கு நெஞ்சு வெடிக்கிறது. இருபது வருடம் எடுத்து எடுத்து ஒரே ஒரு தடவை அப்படி அமைந்திருக்கிறது, அதைப் பற்றி வாய் திறந்து பேச இந்தத் தீவில் ஒரே ஓர் ஆள்தான் உண்டு. அவரோடு ஒரே கூரையின் கீழே இருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கறிச்சந்தையில் இறால் வாங்கிக்கொண்டிருந்தோம். கூட்டத்தில் யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில் அவர் காதருகே போனேன். அடுத்த வீட்டுச் செய்தியை மின்தூக்கி கீழே இறங்குவதற்குள் மூன்று பேரிடம் சொல்லிவிடுகிற மனிதர்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க" என்றேன். "அந்தப் படத்துல வெளிச்சம் நல்லா விழுந்திருந்துச்சில்ல?"

அவர் இறாலை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். காது மடல் மட்டும் சிவந்தது.

"எந்தப் படம்?" என்றார் முரளி.